பேரும் ஆளும்: மலையகப் புனைகதையில் கதைமாந்தரின் இயல்பை ஆக்குதலும் திருத்துதலும்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களின் பேச்சில் 'பேர்' என்னும் சொல்லுக்கு ஒருவரை அழைக்கும் பெயர் என்ற பொருளோடு, ஒரு நாள் வேலைக்கான கூலிப் பதிவு என்ற பொருளும் உண்டு. விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் கூடி, மலைக்குப் போய், குறித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தவருக்கு முழுப்பேரும், குறைந்தவருக்கு அரைப்பேரும், செக்ரோல் எனப்படும் வேலைப் பதிவேட்டில் எழுதப்படுவது ஒன்றரை நூற்றாண்டாகத் தொடரும் வழக்கம். அந்தப் பதிவேட்டில் ஒருவர் எத்தனை நாள் உழைத்தார் என்பது துல்லியமாகத் தெரியும். அவர் எத்தகையவர் என்பதற்கு அதில் ஓர் அங்குல இடமும் இல்லை. மலையகத்தைப் பற்றிப் புனைகதை எழுத முற்படுகிறவரின் முதல் வரைவு, அவருக்கு எவ்வளவு பரிவு இருந்தபோதிலும், பெரும்பாலும் இந்தச் செக்ரோலைப் போலவே அமைந்துவிடுகிறது என்பதும், கதைமாந்தரைத் திருத்துவது என்று சொல்லப்படும் வேலை அந்தப் பேருக்குள்ளிருந்து ஆளை வெளியே கொண்டுவரும் வேலைதான் என்பதும் இவ்வுரையின் கருத்து.

இங்கே ஆளப்படும் சில சொற்களை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது. கதைக்குள் வாழ்கிற மனிதரைக் 'கதைமாந்தர்' என்றும் 'பாத்திரம்' என்றும் தமிழில் குறிப்பதுண்டு. பாத்திரம் என்பது நாடக மரபிலிருந்து வந்த சொல். மேடையில் ஏறுகிறவர் ஏற்கும் வேடத்தை அது முதன்மையாகச் சுட்டும். ஆண்டுதோறும் மாசியில் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தில் காமனாக வேடமேற்பவர் யாராக இருந்தாலும் காமனின் இயல்பு மாறுவதில்லை, மாறவும் கூடாது. சிவனின் நெற்றிக்கண்ணில் அவன் எரிய வேண்டும், ரதி அழ வேண்டும், ஊரும் அவளோடு சேர்ந்து அழ வேண்டும். புனைகதையின் மாந்தருக்கு இத்தகைய முன்னுறுதி கிடையாது. ஒருவரிடம் நிலைத்துக் காணப்படும் பண்பை 'இயல்பு' என்றும், அந்த இயல்புகள் ஒன்றோடொன்று முரண்பட்டும் இணங்கியும் ஒரு முழு மனிதராகச் சேர்ந்து நிற்பதை 'ஆளுமை' என்றும் கொள்ளலாம். தொழிலையோ சாதியையோ வர்க்கத்தையோ கொண்டு ஒருவர் இன்னபடிதான் நடப்பார் என்று வாசகர் முன்கூட்டியே சொல்லிவிடக்கூடியவராக இருந்தால் அவர் 'வகைமாதிரி'. ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் வெளியான தமது நாவற்கலை பற்றிய விரிவுரைகளில் இத்தகையோரைத் தட்டையான மாந்தர் என்றும், வாசகரை நம்பத்தக்க முறையில் வியப்பில் ஆழ்த்த வல்லவர்களைத் திரட்சியுள்ள மாந்தர் என்றும் பிரித்தார். அவர் தட்டையானவர்களைக் குறைத்துப் பேசவில்லை, ஒரு நாவலுக்கு இரு வகையாரும் வேண்டும் என்றே கருதினார் என்பது பலராலும் மறக்கப்படுகிறது.

வகைமாதிரியைக் கண்டு தமிழ் எழுத்தாளர் அஞ்ச வேண்டிய தேவை இல்லை என்பதற்குத் தொல்காப்பியமே சான்று. அகத்திணைப் பாடல்களில் காதலராக வருவோர்க்கு இயற்பெயர் சூட்டலாகாது என்பது அந்நூலின் விதி. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்ற உறவு நிலைகளே அங்குப் பெயர்கள். ஆயினும் சங்கத் தலைவியர் எல்லாரும் ஒரே பெண்ணாகத் தோன்றாமைக்குக் காரணம், ஒவ்வொரு பாட்டும் ஒரு குறிப்பிட்ட வேளையில், குறிப்பிட்ட ஒருவரை நோக்கி, குறிப்பிட்ட ஒன்றை மறைத்தோ வெளியிட்டோ பேசும் பேச்சாக இருப்பதுதான். பெயர் இல்லாமலே ஆள் பிறக்க முடியும் என்பதை அகமரபு காட்டுகிறது. பெயர் இருந்தும் ஆள் பிறக்காமல் போகக்கூடும் என்பதைச் செக்ரோல் காட்டுகிறது.

அதே தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எழுத்தாளருக்கு மேலும் நெருக்கமான ஒரு கருவியைத் தருகிறது. உள்ளத்து உணர்ச்சி உடலில் புலப்படுவதே மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என அது எட்டு வகைப்படும். ஒவ்வொன்றும் நான்கு காரணங்களிலிருந்து பிறப்பதாக அந்நூல் கூறுவதால், முப்பத்திரண்டு நிலைக்களன்கள் கிடைக்கின்றன. அழுகை இகழப்படுவதாலும், இழப்பதாலும், நிலை தாழ்வதாலும், வறுமையாலும் வரும். அச்சம் அணங்காலும், விலங்காலும், கள்வராலும், தம் தலைவனாலும் வரும். வரைவில் ஒரு மாந்தர் அழுகிறார் என்று எழுதியவர், இந்த நான்கில் எதனால் அழுகிறார் என்று தம்மையே கேட்டுக்கொண்டால், வறுமை என்று எண்ணி எழுதியது உண்மையில் இகழ்ச்சியால் வந்த அழுகை என்று தெரியவரக்கூடும். அந்தக் கணமே காட்சி வேறாகிவிடும். அச்சத்தின் காரணங்களுள் தன்னை ஆள்பவனையும் சேர்த்து எண்ணிய இலக்கணம், துரை எனப்பட்ட நிர்வாகியும் தொழிலாளரை மேற்பார்த்த கங்காணியும் ஆண்ட தோட்டத்தை எழுதுகிறவருக்கு இரண்டாயிரம் ஆண்டு தள்ளிநின்று உதவுவது வியப்புத்தான். நகையின் காரணங்களுள் முதலாவது எள்ளல், சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்களில் கங்காணியையும் துரையையும் அஞ்சிய அதே வாய் எள்ளி நகையாடுவதைக் காணலாம். அச்சமும் எள்ளலும் ஒரே உடலில் குடியிருந்தன என்பது பாடல்களைக் கட்டிய மக்களுக்குத் தெரிந்திருந்தது. அதை மறந்தவர்கள் பின்னால் வந்த உரைநடைக்காரர்கள்.

அவர்கள் மறந்ததற்கும் வரலாற்றுக் காரணம் உண்டு. புதுமைப்பித்தன் 1930களில் எழுதிய 'துன்பக்கேணி' திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட மருதியின் கதை. தமிழகத்திலிருந்து நோக்கிய ஒரு பெரும் கலைஞரின் சினம் அதில் உண்டு, மருதிக்கும் முகம் உண்டு, ஆனால் அவளைச் சுற்றியிருக்கும் தோட்டத்தார் பலர் அவளுக்குத் தீங்கு செய்வதற்கென்றே நிற்பவர்கள். இங்கேயே வாழ்ந்து, ஏடு நடத்தி, தொழிற்சங்கம் அமைத்த கோ. நடேசய்யரின் எழுத்து மக்களைத் திரட்டும் நோக்குடையது. திரட்டுவதற்குத் தெளிவான நண்பனும் தெளிவான பகைவனும் தேவை. அப்படியிருந்தும் அவர் எழுதிய 'இராமசாமி சேர்வையின் சரிதம்', மலையகத்தின் முதற் சிறுகதை என்று ஆய்வாளர்கள் எண்ணும் அது, ஒரு தனி மனிதரின் முழுப்பெயரையும் 'சரிதம்' என்ற சொல்லையும் தலைப்பிலேயே தாங்கி நிற்பது கருதத்தக்கது. கூலி என்று மட்டுமே அரசாங்கக் காகிதங்களில் குறிக்கப்பட்ட ஒருவருக்குச் சரிதம் உண்டு என்று சொல்வதே அன்று ஓர் அரசியற் செயல்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனத் தலை எண்ணிப் பங்கிட்டது. எண்ணிக்கையாகப் பேசப்பட்ட மக்களைப் பற்றி எழுதும்போது ஒரு தொழிலாளி எல்லாத் தொழிலாளருக்கும் பதிலாகப் பேச வேண்டியிருந்தது. அவரிடம் கோணல் எதையும் காட்டினால் மக்களுக்கே இழுக்கு என்ற தயக்கமும் எழுந்தது. அறுபதுகளில் வீரகேசரி நடத்திய மலையகச் சிறுகதைப் போட்டிகளும், அவற்றின் பயனாக 1971இல் வந்த 'கதைக்கனிகள்' தொகுதியும் ஒரு தலைமுறை இளைஞர்களை எழுத்துக்குக் கொண்டுவந்தன. அக்காலக் கதைகள் பலவற்றில் பொறுமையான தாய், குடிகாரத் தகப்பன், கொடுமைக்காரக் கங்காணி, காமுகக் கணக்கப்பிள்ளை, படித்து எழுச்சி பெற்ற மகன் என்ற ஐவர் திரும்பத் திரும்ப வந்து போகிறார்கள். இதனைக் குறையென்று மட்டும் சொல்லி ஒதுக்குவது நன்றி மறப்பதாகும். முதலில் நெல் விளைய வேண்டும், பிறகுதான் அரிசியின் தரம் பேச முடியும்.

இந்த ஐவரையும் கடந்து சென்றவர்கள் எப்படிக் கடந்தார்கள் என்பதே எழுத்தாளர் கற்க வேண்டியது. சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984) மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர். அவர் ஆங்கிலத்தில் எழுதி 1970இல் நூலான மனிதச் சித்திரங்களில் தோட்டத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நிற்பது, நாவலுக்கு முன் ஒரு நாவலாசிரியர் செய்துபார்க்கும் பயிற்சியைப் போன்றது. கோகிலம் சுப்பையா 1964இல் தமிழில் வெளிவந்த தமது 'தூரத்துப் பச்சை'யைப் பின்னர் தாமே ஆங்கிலமாக்கினார். தம் மாந்தரைத் தாமே வேறு மொழியில் மறுபடி பேசவைப்பது திருத்தத்திலேயே கடுமையான வகை, ஏனெனில் தமிழில் 'அத்தை' என்ற ஒரு சொல் தாங்கிய உறவுச் சுமை முழுவதையும் ஆங்கிலத்தில் செயலாலோ சூழலாலோ ஈடுசெய்ய வேண்டிவரும். என். எஸ். எம். இராமையா 1961இல் தினகரனில் எழுதிய 'ஒரு கூடைக் கொழுந்து' தோட்டத் துயரத்தை விட்டுவிட்டுத் தோட்டத் திறமையைப் பேசியது. கொழுந்து எடுக்கும் விரல்களில் ஒரு பெண்ணுக்குச் செருக்கு இருக்க முடியும் என்று காட்டியது. தொல்காப்பியர் பேசும் பெருமிதம் என்னும் மெய்ப்பாடு தேயிலை மலையில் ஏறியது அந்தக் கதையோடுதான் என்று துணிந்து சொல்லலாம்.

தெளிவத்தை ஜோசப் (1934-2022) இன்னும் ஆபத்தான இடத்துக்குப் போனார். அவருடைய 'மீன்கள்' லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையான காம்பராவில் ஒரு குடும்பம் முழுதும் படுத்துறங்க வேண்டியிருக்கும் நெருக்கடி ஒரு தகப்பனைக் கொண்டுபோய்த் தள்ளும் அவமானத்தைப் பற்றியது. அந்தத் தகப்பனைக் குற்றமற்றவனாகக் காட்டுவதும் எளிது, கயவனாகக் காட்டுவதும் எளிது. இரண்டையும் செய்யாமல், அவனுடைய வெட்கத்தை வாசகரின் வெட்கமாக மாற்றும் இடத்தில்தான் ஒரு வகைமாதிரி தனியாளாகிறது. லயக் காம்பராவின் நீள அகலத்தை எத்தனையோ அறிக்கைகள் அளந்து சொல்லியிருக்கின்றன. அந்த அளவு ஒரு மனிதனின் குணத்துக்கு என்ன செய்யும் என்பதை அளந்தது இந்தக் கதை.

ஒரு மாந்தரை ஆக்கி முடித்து, அச்சிலும் ஏற்றிய பின்னர் மீண்டும் திருத்தியதற்குத் தமிழில் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு மலையகத்துக்கு வெளியே ஜெயகாந்தனிடம் கிடைக்கிறது. 1966இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், மழை நாளில் காரில் ஏற்றிச் செல்லப்பட்டுக் கெடுக்கப்பட்ட மாணவி வீடு திரும்புகிறாள். தாய் முதலில் பதறிப் பின் அவள் தலையில் நீரை ஊற்றி, நீ தூய்மையாகிவிட்டாய் என்று சொல்லி ஏற்றுக்கொள்கிறாள். அந்தக் கதை பெரும் விவாதத்தைக் கிளப்பியது. சில ஆண்டுகளின் பின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் ஜெயகாந்தன் அதே நிகழ்ச்சியை எடுத்து, ஒரேயொரு இடத்தை மாற்றினார்: தாய் வாயடக்கத் தவறிவிடுகிறாள், செய்தி ஊர் அறிந்ததாகிவிடுகிறது, அண்ணன் தங்கையை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். சிறுகதையில் பெயரில்லாமல் இருந்த பெண்ணுக்கு நாவலில் கங்கா என்ற பெயர் கிடைக்கிறது. வேலை கிடைக்கிறது, கூர்மையான நாக்கும் கசப்பும் கிடைக்கின்றன. தன்னைப் போன்ற ஒருத்தியைப் பற்றி எழுதப்பட்ட அந்தப் பழைய சிறுகதையை அவளே ஒரு பத்திரிகையில் படிக்கவும் நேர்கிறது. பின்னர் 'கங்கை எங்கே போகிறாள்' என்று மீண்டும் ஒரு நாவல்.

இந்த வரிசை எழுத்தாளருக்குக் கற்பிப்பது, மாந்தரைத் திருத்தும்போது அவரைப் பற்றிய வருணனைச் சொற்களைத் திருத்துவதில் பயன் குறைவு என்பதைத்தான். ஜெயகாந்தன் கங்காவின் குணத்தைத் தொடவில்லை. அவளைச் சுற்றியிருந்த ஒருத்தியின் ஒரு நிமிடத்துச் செயலை மாற்றினார், கங்கா தானாகவே வேறு பெண்ணானாள். ரஷ்ய நாவலாசிரியர் டால்ஸ்டாய் 1873இல் தொடங்கிய 'அன்னா கரேனினா'வின் தொடக்க வரைவுகளில் நாயகி நயமற்றவளாகவும், கணவன் இரக்கத்துக்குரிய நல்லவனாகவும் இருந்தார்கள். அவளுக்கு அப்போது அன்னா என்ற பெயர்கூட இல்லை. வரைவு மேல் வரைவாக எழுதியபோது அவளைக் கண்டிக்க வந்த ஆசிரியரின் கை தளர்ந்தது. கண்டனத்தோடு தொடங்குவது குற்றமன்று, எட்டாவது வரைவிலும் அதே கண்டனத்தோடு இருப்பதுதான் குற்றம் என்று இதிலிருந்து கொள்ளலாம்.

இனி இந்த மண்ணிலேயே ஒரு கற்பனை மாந்தரை வைத்து, திருத்தம் எப்படி நிகழ்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். கடல்மட்டத்திலிருந்து 1,600 மீற்றருக்கு மேல் நிற்கும் நானுஓயா ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் ஒரு தோட்டம். அதில் ராக்கம்மா என்றொரு கொழுந்து எடுக்கும் பெண், வயது நாற்பத்தேழு. மாலை நிறுவையின்போது கொழுந்து மடுவத்தில் கணக்கப்பிள்ளை கூடைக்கும் ஈரத்துக்கும் என்று இரண்டு கிலோவைக் கழிக்கிறார். முதல் வரைவில் ராக்கம்மா கண் கலங்கி நிற்கிறாள். இது செக்ரோல் வரைவு. அழுவதற்கென்றே அவள் வரவழைக்கப்பட்டிருக்கிறாள். இரண்டாவது வரைவில் எழுத்தாளருக்கு வெட்கம் வந்து, ராக்கம்மாவை நிமிர்ந்து நிற்கவைத்து, உழைப்பின் உரிமை பற்றி நான்கு வாக்கியம் பேசவைக்கிறார். இது மேடை வரைவு. பேசுபவள் ராக்கம்மா, குரல் எழுத்தாளருடையது. இரண்டு வரைவிலும் அவளுக்கு அன்றைய நாளில் வேண்டியது என்ன என்ற கேள்வி எழவில்லை.

மூன்றாவது வரைவில் அந்தக் கேள்வி எழுகிறது. ராக்கம்மாவின் மகன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். மேலதிக வகுப்புக்குக் காசு கட்டியாக வேண்டும். மறுநாள் நுவரெலியாவுக்குப் போய்த் தோட்டை அடகு வைக்க வேண்டுமென்றால், அரை நாள் விடுப்பை முகம் சுளிக்காமல் கொடுக்கக்கூடியவர் இதே கணக்கப்பிள்ளைதான். ஆகவே இரண்டு கிலோ கழிபட்டபோது அவள் சிரிக்கிறாள்: "இருக்கட்டுங்க ஐயா, மழ நாளு, ஈரம் இருக்கத்தானே செய்யும்." அடுத்து நின்ற பக்கத்துக் காம்பராக்காரி பேச்சியம்மா தன் கூடைக்குக் கழித்ததை எதிர்த்துக் கத்தும்போது, ராக்கம்மா திரும்பி அவளைத்தான் அதட்டுகிறாள்: "ஏண்டி, ஒனக்கு மட்டுந்தான் வாயி இருக்கா? எல்லாரும் நிக்கிறோம்ல." இந்த இடத்தில் ராக்கம்மா ஒரு தவறு செய்துவிட்டாள். தவறு செய்ததனாலேயே வாசகர் அவளை முதன்முறையாகத் திரும்பிப் பார்க்கிறார்.

இத்தோடு வேலை முடிவதில்லை, இங்குதான் தொடங்குகிறது. ஒரு காட்சியில் செய்த மாற்றம் பின்னோக்கியும் முன்னோக்கியும் வழி கேட்கும். தொடக்க அத்தியாயத்தில் ராக்கம்மாவும் பேச்சியம்மாவும் உடன்பிறவா அக்கா தங்கை என்று எழுதியிருந்தால், அந்த உறவில் முன்பே ஒரு மெல்லிய கீறலை வைக்க வேண்டும். அல்லது கீறலே இல்லாமல் விட்டு, இந்த அதட்டலையே முதல் கீறலாக்க வேண்டும். அன்றிரவு லயத்தின் இஸ்தோப்பில் பேச்சியம்மா முகம் கொடுக்காமல் போகிறாள். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அந்த லயத்தில் யாருக்கும் இல்லை. ராக்கம்மா சுட்ட ரொட்டியில் இரண்டைச் சம்பலோடு தட்டில் வைத்து, பேச்சியம்மாவின் சின்னவளைக் கூப்பிட்டுக் கொடுத்தனுப்புகிறாள். தட்டு காலியாகத் திரும்புமா, ரொட்டியோடு திரும்புமா என்பதில் பேச்சியம்மாவின் இயல்பும் நிர்ணயமாகிவிடும். ஒருவரைத் திருத்தப்போய் இருவரைத் திருத்த நேர்வது நல்ல அறிகுறி. அப்படி நேராவிட்டால் திருத்தம் மேலோட்டமாகவே நின்றுவிட்டது என்று ஐயப்படலாம்.

வயது பற்றிய குறிப்பும் எழுத்தாளர் எண்ணுவதைவிடப் பெரிய வேலை செய்கிறது. மலையக மாந்தர் ஒருவரின் பிறந்த ஆண்டு வெறும் புள்ளிவிவரமன்று, அது அவருடைய அச்சங்களின் பட்டியல். நாற்பத்தேழு வயது ராக்கம்மா 1970களின் பிற்பகுதியில் பிறந்தவள். 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயல் அவளுக்கு இருட்டில் தாயின் கை வாயைப் பொத்திய நினைவாக இருக்கலாம், அவ்வளவுதான். அவளை எழுபத்தைந்து வயதினளாக்கினால் 1964 ஒப்பந்தத்தின்போது பதினைந்தை எட்டாத சிறுமி, எழுபதுகளில் குடும்பம் பிரிந்து பாதி இராமேசுவரத்துக்குக் கப்பலேறியதைக் கண்டவள். தலைமன்னாருக்குப் போகும் ரயிலில் உறவினரை ஏற்றிவிட்டு ஒப்பாரி வைத்து நின்ற நிலையங்களை இந்தத் தலைமுறை மறக்கவில்லை, மு. சிவலிங்கம் தம் கதைத்தொகுதி ஒன்றுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயரிட்டார். 1885இல் ரயில் வந்து சேர்ந்த நானுஓயா நிலையத்தின் மேடையை உல்லாசப் பயணிக்குரிய அழகிய காட்சியாக எழுதுவதா, அண்ணனைக் கடைசியாகக் கண்ட இடமாக எழுதுவதா என்பதை எழுத்தாளரின் நடை முடிவு செய்யாது. மாந்தரின் பிறந்த ஆண்டு முடிவு செய்யும். இன்னொரு பக்கம், நாடற்ற நிலையைப் போக்கிய 2003ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் பிறந்த ராக்கம்மாவின் மகனுக்கு நாடற்றவன் என்ற சொல்லே பாடப்புத்தகச் சொல். அவனுக்குத் தாயின் தலைமுறைத் துயரத்தை உரித்து மாட்டினால் உடை தளர்ந்து தொங்கும். அவனுக்கென்று அவமானங்கள் வேறு உண்டு: கொழும்புக் கடையில் வேலைக்குச் சேரும்போது முகவரியில் தோட்டத்தின் பெயரை எழுதுவதா, நுவரெலியா என்று மட்டும் எழுதுவதா என்ற தயக்கம் அவற்றில் ஒன்று.

பேச்சே திருத்தத்தின் உரைகல். ஒரு மாந்தர் எல்லாரிடமும் ஒரே குரலில் பேசினால் அவருக்கு இன்னும் ஆளுமை வரவில்லை என்று கொள்ளலாம். ராக்கம்மா கணக்கப்பிள்ளையிடம் 'ஐயா' என்கிறாள். மாமியாரிடம் 'அத்தை' என்று அளந்து பேசுகிறாள். பேச்சியம்மாவிடம் ஏசலும் கொஞ்சலும் ஒரே மூச்சில் வருகின்றன. துரை மலைக்கு வரும்போது பேச்சே இல்லை, முக்காட்டைச் சரிசெய்யும் கை மட்டும் உண்டு. அவளுடைய எல்லாப் பேச்சையும் தனித்தனியே வெட்டி எடுத்து, யாரிடம் பேசியது என்ற குறிப்பில்லாமல் வாசித்துப் பார்த்து, கேட்பவர் யாரென்று கண்டுபிடிக்க முடிகிறதா என்று சோதிப்பது மிக எளிய, ஆனால் இரக்கமற்ற சோதனை. தோட்டப் பேச்சின் சொற்களை அள்ளித் தெளித்துவிட்டால் மண்வாசனை வந்துவிடும் என்ற நம்பிக்கை பல கைப்பிரதிகளைக் கெடுத்திருக்கிறது. மட்டக்கம்பு, கான்வெட்டு, முள்ளுக்குத்து என்று அருஞ்சொல் அகராதி போல் எழுதப்பட்ட பக்கத்தில் மனிதர் நடமாட இடமிருப்பதில்லை.

இந்த மலைகளில் இருந்துகொண்டு திருத்தத்தைத் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்தோடு ஒப்பிடும் ஆசை எவருக்கும் எழும், தி. ஞானசேகரன் தம் குறுநாவல் ஒன்றுக்கு அப்பெயரையே சூட்டினார். ஆனால் எழுத்துக்கு அந்த ஒப்புமை பாதிதான் பொருந்தும். உயர்நிலத் தோட்டங்களில் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைக் கவ்வாத்து வெட்டுவதும், பின் மட்டக்கம்பு வைத்துக் கொழுந்து எடுப்பதும் எல்லாச் செடியும் ஒரே உயரத்தில் நிற்பதற்காக. வெட்டாமல் விட்டால் தேயிலை பெரிய மரமாகிவிடும். பதிப்பாசிரியரின் அறிவுரையோ பரிசுக்குழுவின் எதிர்பார்ப்போ மாந்தரின் கோணல்களை வெட்டி மட்டம் செய்யும்போது நடப்பதும் இதுதான். ராக்கம்மாவின் அதட்டலைக் கண்டு, உழைக்கும் பெண்ணை இப்படிக் காட்டலாமா என்று நல்லெண்ணத்தோடு கேட்கிறவர் எப்போதும் ஒருவர் இருப்பார். அவருக்குப் பதில் சொல்லும் வகை அதட்டலை நீக்குவதில் இல்லை. அதட்டியதன் விலை என்ன என்பதை அவள் உணரும்படி கதையை நீட்டுவதில் இருக்கிறது. வாராந்தரத் தொடராக எழுதும்போது முந்தைய வாரத்தின் ராக்கம்மாவை மாற்ற வழியில்லை. தொடர் நூலாகும் இடைவேளைதான் நாவலாசிரியருக்குக் கிடைக்கும் உண்மையான திருத்தக் காலம், பெரும்பாலோர் அதை எழுத்துப்பிழை பார்ப்பதில் கழித்துவிடுகிறார்கள்.

மடுவத்துக் காட்சியில் இன்னும் ஒருவர் திருத்தப்படாமல் நிற்கிறார். இதுவரை எல்லா வரைவுகளிலும் கணக்கப்பிள்ளை வெறும் கணக்கப்பிள்ளை. கழிப்பதும் காமுறுவதும் அவருக்கென்று பழைய கதைகள் ஒதுக்கிய வேலைகள். இன்றைய தோட்டத்தில் அந்த வேலையில் இருப்பவர் பல வேளைகளில் அதே தோட்டத்து லயத்தில் பிறந்து, பாடசாலையில் சில வகுப்புகள் கூடப் படித்தவர். நாட்கூலி 1,000 ரூபா என்று 2021இல் நிர்ணயமானபின் ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்ற தகராறு பல தோட்டங்களில் எழுந்தபோது, மேலிருந்து வந்த கணக்கும் கீழிருந்து வந்த கோபமும் சந்தித்த இடம் அவருடைய தராசு. அந்த இரண்டு கிலோ அவர் வீட்டுக்குப் போவதில்லை. தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும்போது நிறை குறைந்தால் கேள்வி அவரிடம் வரும். நான்காவது வரைவில் அவருக்கு ஒரு பெயர் வேண்டும். அதைத் தேடும்போது எழுத்தாளருக்குத் தெரியவருகிறது: அவரும் ராக்கம்மாவும் ஏறக்குறைய ஒரே வயதினர், தாய்மார் மலைக்குப் போன நேரத்தில் ஒரே பிள்ளைக் காம்பராவில் ஒரே ஆயாவின் கையில் வளர்ந்தவர்கள், அங்கே அவரை எல்லாரும் கூப்பிட்ட செல்லப்பெயர் ராக்கம்மாவுக்கு இன்னும் நினைவிருக்கிறது. மடுவத்தில், வரிசையில் நாற்பது பெண்கள் பார்த்து நிற்க, அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொல்ல முடியாது. இரண்டு கிலோவைக் கழித்து அவளுக்கு முழுப்பேர் எழுதும்போது, அவரும் அவள் முகத்தைப் பார்க்காமல் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.